மயங்கியது பேச்சா, திரையா?

மென்பொருள் ஒன்றின் பின்னணி நிறத்தைப் பற்றி மொழியியல் ஆய்வாளர் ஒருவர் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கடந்த ஆண்டு வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறானது. அத்தவறு எங்கள் தரவுக்குள்ளும் ஒரு மாணவியின் பெயருக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவே இந்த நீண்ட பதிவு.

பிற மாநில நகரங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களின் பேச்சில் ல, ள, ழ ஆகிய மூன்றும் எந்த அளவுக்கு வேறுபட்டு ஒலிக்கின்றன என்பதே எங்கள் குழுவின் கேள்வி. வலை, வளை என்பன அவர்கள் வாயில் இரண்டு சொற்களா, ஒன்றா? மழை மலையாகிறதா, மளையாகிறதா, அல்லது மழையாகவே நிற்கிறதா? ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவர் பன்னாட்டு ஒலியெழுத்தில் எழுதுவார். அதை இரண்டாமவர் மீண்டும் கேட்டுச் சரிபார்ப்பார். தாம் உடன்படாத இடத்தில் மட்டும், தமக்குரிய அடுக்கில் தம் முடிவை எழுதுவார். இப்பணிக்கென்றே முன்னர் ஒருவர் எழுதிக்கொடுத்த, மேசைக்கணினியில் இயங்கும் சிறு மென்பொருளைப் பயன்படுத்திவந்தோம்.

அதன் திரையை விவரித்தாக வேண்டும். மேலே ஒலியலை. அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத்தடுக்குகள். நாம் எழுதிக்கொண்டிருக்கும் அடுக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, குறையில்லை. மற்ற அடுக்குகள் அனைத்தும் வெளிர்சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து. சொடுக்கித் தெரிவுசெய்த பகுதியோ வான்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பார்ப்பதற்கு அழகான திரை என்பதை மறுக்க மாட்டேன். முதன்முதலில் திறந்தபோது, பல்கலைக்கழக மென்பொருள்களில் வழக்கமாகக் காணும் அலங்கோலம் இல்லையே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

இனி எழுத்தைப் பற்றி. பன்னாட்டு ஒலியெழுத்தில் லகரத்துக்கு ஒற்றை நேர்கோடு. ளகரத்துக்கும் அதே நேர்கோடுதான். அடியில் வலப்புறமாக வளையும் ஒரு சிறு கொக்கி மட்டும் கூடுதல். நாவளை ஒலிகளுக்கெல்லாம் அத்தகைய கொக்கி. பல்லொலிகளுக்கு எழுத்தின் அடியில் சிறு பாலம் போன்ற குறி. சாதாரண எழுத்தளவில் அந்தக் கொக்கி திரையில் ஓரிரு படப்புள்ளிகளே பெறும். அவையும் முழு நிறத்தில் அமைவதில்லை. எழுத்தின் விளிம்பை மென்மையாகக் காட்டுவதற்காக, மெல்லிய கோடுகளைக் கணினி பின்னணி நிறத்தோடு கலந்து வரைகிறது. ஆகவே எழுத்து சாம்பல் என்றால் கொக்கி அதனினும் வெளிறிய சாம்பல். நாங்கள் ஆராய்ந்த வேறுபாடு முழுவதும் அந்த ஓரிரு புள்ளிகளில்தான் இருந்தது.

சரிபார்ப்புப் பணியில் முதுகலை மாணவி ஒருவர் இருந்தார். அவருடைய ஒப்புதலோடும் பெயரைத் தவிர்த்தும் எழுதுகிறேன். அவருக்குக் குறைபார்வை உண்டு. குழுவில் எல்லோரும் அறிந்ததே. அவர் கேட்கும் திறனோ எங்களில் எவருக்கும் வாய்க்காதது. பேசுபவர் எந்த ஊர்க்காரர் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய சரிபார்ப்பில் அளவுக்கு மீறிய திருத்தங்கள் வந்தன. லகரம் என்றிருந்ததை ளகரமாகத் திருத்தினேன் என்று அவர் குறித்திருந்த இடங்களைக் கோப்பில் திறந்து பார்த்தால், முதலாமவரும் அங்கே ளகரமே எழுதியிருந்தார். திருத்தியதும் திருத்தப்பட்டதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. குழுக் கூட்டத்தில் இது கவனக்குறைவு என்று பேசப்பட்டது. இப்பணிக்கு அவர் ஏற்றவர்தாமா என்ற கேள்வி, அவர் அறையில் இருக்கும்போதே எழுப்பப்பட்டது. நான் அப்போது வாய் திறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "காது நல்லாத்தான் கேக்குது அக்கா, கொக்கிதான் தெரியல."

அன்று மாலை அவருடைய இருக்கையில் அமர்ந்து அதே கோப்பைத் திறந்தேன். பக்கவாட்டுச் சாளரத்திலிருந்து வெயில் திரையில் விழுந்துகொண்டிருந்தது. என் கண்களில் குறையொன்றும் இல்லை, ஆண்டுதோறும் சோதித்துக்கொள்கிறேன். ஆயினும் சாம்பல் அடுக்கில் எனக்கும் கொக்கி தெரியவில்லை. இருக்கிறது என்று அறிந்து, முகத்தைத் திரையருகே கொண்டுபோய்த் தேடினால் தெரிந்தது. தேடினால் தெரிவது வேறு, படிக்கும்போது தெரிவது வேறு.

பிறகு மெல்ல விளங்கியது. அவருடைய பொய்த் திருத்தங்கள் பிழையின் வெளியே தெரிந்த பாதி மட்டுமே. முதலாமவர் தவறாக ளகரம் என்று எழுதியிருந்து, பேசியவர் உண்மையில் லகரம் ஒலித்திருந்தால் என்னவாகும்? சரிபார்ப்பவர் காதில் லகரம் விழுகிறது. கண்ணுக்குத் தெரிவதும் கொக்கியற்ற கோடு. சரி என்று கடந்துவிடுவார். அந்தப் பிழை எந்தப் பட்டியலிலும் வராது. அவ்வாறு கடந்தவர் அவர் மட்டுமா? நான் சரிபார்த்த கோப்புகளுக்குத் திரும்பினேன். அங்கும் அப்படிப்பட்ட இடங்கள் இருந்தன. என் திருத்தப் பட்டியல் சிறியதாக இருந்ததால் நான் கவனமானவள் என்று கருதப்பட்டிருந்தேன்; முன்னவர் எழுதியதைப் பார்த்ததும் அது சரியாகவே இருக்கும் என்று நம்பிவிடும் சோம்பல் அவரிடம் இல்லை, என்னிடம் இருந்தது என்பதே உண்மை.

துருபெத்ஸ்காய் 1939இல் வெளிவந்த தம் ஒலியனியல் நூலில், ஒரு மொழியில் இரண்டு ஒலியன்களுக்கிடையே உள்ள வேறுபாடு குறிப்பிட்ட சூழலில் மறைந்துபோவதைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். சொல்லிறுதி போன்ற ஓர் இடத்தில் அந்த எதிர்நிலை செயல்படாது. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். இப்பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்கு நானே நடத்தியிருக்கிறேன். எங்கள் ஆய்வில் அத்தகைய சூழல் ஒன்று பேச்சுக்கு வெளியே, திரையில் உருவாகியிருந்தது. ல, ள மயங்கிவிட்டன என்று கட்டுரை எழுதியிருந்தால், எங்கே மயங்கின என்ற கேள்விக்கு எங்களிடம் நேர்மையான விடை இருந்திருக்காது.

நிறமாறுபாடு என்பது அளக்கக்கூடியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்காகவே நான் வெட்கப்படுகிறேன். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் இதற்குரிய வாய்பாடு இருக்கிறது. எழுத்து, பின்னணி ஆகிய இரண்டின் ஒளிர்வையும் கணக்கிட்டு, ஒவ்வொன்றோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு 21:1. வெள்ளையில் வெள்ளை 1:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். 2018இல் வந்த 2.1 பதிப்பு, பொத்தான்களின் எல்லைக்கோடு, வரைபடக் கோடு போன்றவற்றுக்கும் 3:1 கேட்கிறது. இவ்வழிகாட்டி வலைப்பக்கத்துக்குத்தானே என்று தட்டிக்கழிக்க முடியாது. வலைக்கு வெளியே உள்ள மென்பொருளுக்கு இதை எவ்வாறு பொருத்துவது என்று அதே அமைப்பு 2013இலேயே தனிக்குறிப்பு வெளியிட்டுவிட்டது.

4.5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. இயல்பான பார்வை உடையவர்க்குத் திரையில் 3:1 போதும் என்பது முந்தைய தரநிலைகளின் கணிப்பு. பார்வைக்கூர்மை 6/12 அளவுக்குக் குறைந்தவர், அதாவது இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிபவர், அதே வசதியைப் பெற ஒன்றரை மடங்கு மாறுபாடு தேவைப்படுகிறது. மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் நாலரை. முதுமையில் பலருடைய பார்வை நிற்கும் இடம் அதுவே. ஆகவே இந்த எண் யாரோ சிலருக்குக் காட்டும் சலுகை அன்று. நம் துறைத் தலைவர்களுக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கும், நாம் நலமாக வாழ்ந்தால் நமக்கும் உரியது.

எங்கள் திரையை அளந்தோம். நிற எண்களைக் கண்டறிய ஒரு திரைப்பிடிப்பும் நிறத்தைப் படிக்கும் சிறு கருவியும் போதும். சாம்பல் எழுத்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 153. பின்னணி மூன்றிலும் 240. விகிதம் 2.5:1. தெரிவுசெய்த பகுதியின் வான்நீலம் 135, 206, 235. அதன்மேல் வெள்ளை எழுத்து 1.74:1. மென்பொருள் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து, இதைப் பார் என்று சுட்டிய கணத்தில்தான் அச்சொல் மிகவும் மங்கலாகியிருந்தது!

இதைக் குறிப்பிட்டு மென்பொருளை எழுதியவருக்குக் கடிதம் அனுப்பினேன். அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டவர். இருந்தும் பண்போடு மறுமொழி தந்தார். சாம்பல் அடுக்கு செயலில் இல்லாத அடுக்கு. செயலில் இல்லாதவற்றை மங்கலாகக் காட்டுவது எல்லா மென்பொருளிலும் உள்ள மரபு. வழிகாட்டியே அவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது என்றார். விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது, அழுத்தினாலும் பயன் தராத பொத்தான் போன்ற முடக்கப்பட்ட கூறுகளுக்கு உரியது. அப்பொத்தானை ஒருவர் படிக்க வேண்டிய தேவை குறைவு. எங்கள் சாம்பல் அடுக்கோ எழுதுவதற்கு மட்டும் பூட்டப்பட்டது. படிப்பதற்குத் திறந்தே இருந்தது. சரிபார்ப்பவர் முதன்மையாகப் படிக்க வேண்டியதே அதைத்தான். எழுத முடியாதது, தெரிவுசெய்யப்படாதது, முடக்கப்பட்டது ஆகிய மூன்று பொருள்களையும் ஒரே சாம்பலால் குறித்ததில்தான் கோளாறு இருந்தது. ஒரே உருபு மூன்று பொருளில் வந்தால் சூழலை வைத்துப் பிரித்தறிகிறோம். இங்கே சூழலையே அந்தச் சாம்பல் அழித்துவிட்டது. (இலக்கண மாணவிக்கு எங்கும் உருபே தெரிகிறது, பொறுத்தருள்க.)

அவர் வாதத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த வாரமே ஒரு மாற்றம் செய்து அனுப்பினார். சாம்பல் போய் ஆரஞ்சு வந்திருந்தது. கூடத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்; எழுத்து எடுப்பாகத் தெரிகிறது என்றார்கள். அளந்தேன்: 1.73:1. பழைய சாம்பலைவிடவும் மோசம். நிறம் வேறு, ஒளிர்வு வேறு என்பதைக் கண் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. வாய்பாட்டில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் அதனால் ஏறத்தாழ வெள்ளைக்கு இணை; வெள்ளையில் தூய மஞ்சள் எழுத்தின் விகிதம் 1.07. அதே வெள்ளையில் தூய நீலம் 8.59. ஆரஞ்சு கண்ணை இழுக்கும். ஆனால் கொக்கி போன்ற நுண்வடிவத்தைக் காட்ட ஒளிர்வின் வேறுபாடே வேண்டும். மாணவியை அழைத்துக் காட்டியபோது, "அங்கே ஏதோ இருக்குன்னு தெரியுது அக்கா, என்னன்னு தெரியல" என்றார். 1.73 என்பதற்கு இதைவிடச் சரியான உரையை நான் எங்கும் படித்ததில்லை.

இறுதியில் எழுத்தின் நிறம் மூன்றிலும் 89 என்று மாறியது. 240 பின்னணியில் அது 6.15:1. தெரிவுசெய்த பகுதிக்கு வான்நீலம் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் கறுப்பாயிற்று. அது 12க்கு மேல். நிறக்கோப்பில் மாறியவை இரண்டே வரிகள். பூட்டப்பட்ட அடுக்கு என்பதைக் காட்ட ஓரத்தில் ஒரு பூட்டுச் சின்னம் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு எளிய குறை ஏன் இத்தனை காலம் எவர் கண்ணிலும் படவில்லை? மொழியியலாளர் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இதுவே. திரை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் இயல்பான வாக்கியங்களை இட்டுச் சோதிக்கிறார்கள். இயல்பான வாக்கியத்தில் செய்தி மிகையாகவே இருக்கிறது. ஆங்கில அச்செழுத்தில் அடுத்து வரும் எழுத்தை மனிதர்கள் எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்று கிளாட் ஷானன் 1951இல் எழுதிய கட்டுரை நம்மில் பலர் படித்ததுதான். பாதி தெரிந்தாலே மீதியை மொழியறிவு நிரப்பிவிடும். தமிழ் ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஆயினும் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். மொழி கண்ணுக்கு உதவியது. (அதே சுவடிகளில், எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையோடு ஓலையாக மறைந்துவிடும் என்பதற்காகக் கரியும் இலைச்சாறும் பூசி எழுத்தைக் கறுப்பாக்கினார்கள். புள்ளியை ஊகத்துக்கு விட்டவர்கள்கூட நிறமாறுபாட்டை ஊகத்துக்கு விடவில்லை.)

ஒலியெழுத்துப் பெயர்ப்பில் அந்த உதவி கிடையாது, இருக்கவும் கூடாது. பேசியவர் எதை ஒலித்தாரோ அதை எழுத வேண்டும்; எதை ஒலித்திருக்க வேண்டும் என்று மொழியறிவு சொல்வதை எழுதினால் ஆய்வே பாழ். அங்கே ஒவ்வொரு கொக்கியும் தனித்துத் தெரிந்தாக வேண்டும். நமக்கு மட்டுமா இது? கடவுச்சொல், மருந்தின் அளவு, வங்கிக் கணக்கு எண், வேதியியல் வாய்பாட்டின் கீழெண் எல்லாம் ஊகத்தால் நிரப்ப முடியாத எழுத்துகளே. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுகளில் மதிப்பெண் ஏற்றும் மென்பொருள்களை நினைத்துப் பாருங்கள். 3 என்பதும் 8 என்பதும் மங்கிய திரையில் எவ்வளவு நெருங்கிய உறவினர்!

கண் மருத்துவரிடம் சோதித்தேன், 6/6 என்றார் என்று சொல்பவர்களுக்கும் ஒரு சொல். 1862இல் ஸ்னெல்லன் வகுத்த எழுத்துப்பலகை வெள்ளையில் கறுப்பு. முழு மாறுபாட்டில் எவ்வளவு சிறிய எழுத்தைக் காண்கிறோம் என்பதையே அது அளக்கும். ஒரே அளவு எழுத்துகள் வரிசை வரிசையாக மங்கிக்கொண்டே போகும் பெல்லி–ராப்சன் பலகை 1988இல்தான் வந்தது. ஸ்னெல்லன் பலகையில் முழு மதிப்பெண் பெறுபவர் அதில் தடுமாறலாம். கண்புரை தொடங்கும் நிலையில் இது இயல்பு. இந்தியாவில் பார்வையிழப்பின் முதன்மைக் காரணம் கண்புரையே என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாத் திரைகளையும் 21:1 ஆக்கிவிட வேண்டும் என்பது என் வாதம் அன்று. தூய வெள்ளைப் பின்னணி சிலருக்குக் கூசுகிறது. எழுத்துக்கற்றல் இடர் உள்ளவர்களில் பலர் வெளிர்மஞ்சள் போன்ற மென்னிறப் பின்னணியை விரும்புகிறார்கள். சிதறல் பார்வை உள்ளவர்களில் சிலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து பரவுவதுபோல் தோன்றும். வாய்பாடும் குறையற்றது அன்று; இருண்ட பின்னணிகளை அது தேவைக்கு மேல் மதிப்பிடுகிறது என்ற விமர்சனம் வலுவாகவே உள்ளது. ஆகவே குறைந்த அளவை மென்பொருள் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் பயனர் தெரிவுசெய்ய இடம் தர வேண்டும்.

இவ்விடத்தில் மேசைக்கணினி மென்பொருளுக்கே உரிய ஒரு பிழையைச் சொல்லாமல் கடக்க முடியாது; நிரல் எழுதும் மாணவர்கள் குறித்துக்கொள்க. பின்னணி நிறத்தை மட்டும் நிரலில் நிலையாக எழுதிவிட்டு, எழுத்தின் நிறத்தை இயங்குதளத்திடம் விட்டுவிடுகிறார்கள். எழுதுபவரின் கணினியில் எழுத்து கறுப்பு; வெளிர்மஞ்சள் பெட்டியில் நன்றாகவே தெரியும். பயனர் இருள்நிலைக்கு மாறினால், அல்லது குறைபார்வைக்காக உயர்மாறுபாட்டு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், இயங்குதளம் எழுத்தை வெள்ளையாக்கும். பெட்டியோ மஞ்சளாகவே நிற்கும். 255, 255, 204 என்ற அந்த மஞ்சளில் வெள்ளை எழுத்தின் விகிதம் 1.03. கூடுதல் மாறுபாடு வேண்டும் என்று கேட்டவருக்கு வெற்றுப் பெட்டி கிடைக்கிறது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உயர்மாறுபாட்டு வசதி இருக்கிறது. இப்பிழையும் இன்றுவரை தொடர்கிறது. இரண்டு நிறங்களையும் சேர்த்தே எழுதுங்கள், அல்லது இரண்டையும் இயங்குதளத்திடம் விடுங்கள். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்ற என் பழைய எண்ணத்துக்கும் விடை சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்தும் பின்னணியும் சேர்ந்தே கூடும். விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். சாளர வெயில் இரண்டின்மேலும் ஒரே அளவு ஒளியைச் சேர்க்கும்போது விகிதம் இன்னும் குறையும். சுமை முழுவதையும் படிப்பவர் தலையில் ஏற்றும் அறிவுரை அது, பயனும் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. மென்பொருளையும் உள்ளடக்கிய அணுகல் தரநிலையாக இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17802 இருக்கிறது, ஐரோப்பியத் தரநிலையைத் தழுவியது அது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயக் குறைந்தபட்ச விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவும் இருக்க, நம் துறைகளில் மென்பொருள் வாங்கும்போதும் எழுதச் சொல்லும்போதும் இக்கேள்வி எழுவதில்லை. சாய்தளம் இருக்கிறதா என்று ஆய்வுக்குழு பார்க்கிறது. அந்தச் சாய்தளத்தின் வழியே உள்ளே வந்தவர் அமரும் திரையை எவரும் பார்ப்பதில்லை.

நெறிமுறைக் குழுக்களுக்கு நாம் அளிக்கும் படிவங்களில் ஒலிப்பதிவுக் கருவியின் பெயர், மாதிரி வீதம், ஒலிவாங்கியின் தூரம் எல்லாம் எழுதுகிறோம். எந்தத் திரையில், எந்த நிறத்தில், எந்த எழுத்தளவில் பெயர்த்தெழுதப்பட்டது என்று எழுதுவதில்லை. ஒலிவாங்கி மோசமாக இருந்தால் தரவு மோசம் என்பதை ஏற்கிறோம். திரை மோசமாக இருந்தால் மட்டும் ஆள் மோசம் என்கிறோம். இருவர் பெயர்த்தெழுதியதன் உடன்பாட்டைக் கோகனின் கப்பா எண்ணால் அளந்து கட்டுரையில் இடுகிறோமே, அந்த எண் குறையும்போது பயிற்சி போதவில்லை என்று எழுதும் முன், இருவரும் ஒரே எழுத்தைத்தான் பார்த்தார்களா என்று ஒருமுறை அளந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

நிறம் மாறிய பிறகு அந்த மாணவியின் பொய்த் திருத்தங்கள் நின்றுவிட்டன. முன்பு ஒருவரும் காணாத பிழைகளை இப்போது அவர் கண்டுபிடிக்கிறார். அவற்றில் சில என்னுடையவை. ஆனால் கவனக்குறைவு என்ற சொல் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பழைய திரையில் சரிபார்க்கப்பட்ட கோப்புகளைக் கொண்டு இனி எவரும் கட்டுரை எழுதக்கூடாது என்றும், மாநாடுகளில் முன்பே படித்தவற்றுக்குத் திருத்தக்குறிப்பு வெளியிட வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். அப்படிப் படிக்கப்பட்டவற்றில் ஒன்றில் என் பெயரும் உண்டு.

முதல் கோப்பிலிருந்து மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டோம். இம்முறை அவர் முதலில் எழுதுகிறார், நான் சரிபார்க்கிறேன். இதுபோன்ற திரைகளில் பணியாற்றும் பிற குழுக்கள் தங்கள் நிற எண்களைக் கீழே இட்டால், விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.